ஸ்டீரிங்கில் ஒரு பள்ளம்

கண்ணுகளா, துடியலூரில் நம் பட்டறைக்கு ஒரே பழைய கார் ஒரு மாதத்தில் இரண்டு முறை வந்து போனதே, ஏன் என்று அப்பாவிடம் கேட்டீர்கள். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வேலையைப் பற்றிச் சொல்வதில் பிழை இருக்காது.

கார்க்காரர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். கார் என்னைவிட மூத்தது. அதன் ஸ்டீரிங் சுற்றிலும் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் இரும்புக் கம்பியே தெரிந்தது.

"பெங்களூர்ல இருக்கற பையன் வித்துப்போடச் சொல்றானுங்க தம்பி. போன வாரம் ஓட்டிப் பாத்தான், ஒரு சில்லு கையில குத்திப்போடுச்சு. இதையப் புடிச்சா ஓட்டறீங்கன்னு ஒரே சத்தம். ஸ்டீரிங்கு சரியாச்சுன்னா விக்கற பேச்சை எடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்கறான்."

"ஏனுங்கய்யா, ஒரு டிரைவர் வெச்சுக்கலாமுங்களே?"

"ஊட்டுக்காரிக்கு முட்டி ஆபரேசன் ஆயிருக்குதுங்க. வாரம் ரெண்டு நாள் பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போவோணும். டிரைவர் ஓட்டுனா கதவைப் புடிச்சுட்டே வாரா. நான் ஓட்டுனாத் தூங்கிப்போடறா."

சொல்லும்போதே பார்த்தேன். அவருடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. சட்டென்று பார்வையை டீ கிளாசுக்கு மாற்றிக்கொண்டேன். ஒருத்தரிடம் இல்லாததை அவரிடமே கேட்பது நம் பக்கத்து வழக்கம் இல்லை. "செஞ்சுபோடலாமுங்க" என்றேன். செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும்.

கழற்றும் முன் தண்டிலும் ஸ்டீரிங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். மாட்டும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும், ஸ்டீரிங் கோணிக்கொண்டு நிற்கும். வெடிப்பை மூட வேண்டுமானால் முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும். ஆக்சா பிளேடால் ஒவ்வொரு வெடிப்பையும் கீறி அகலமாக்கி, கலந்தால் கல்லாக இறுகும் எபாக்சிக் களிம்பு இரண்டையும் பிசைந்து உள்ளே வரை அழுத்தினேன். மேலாகப் பூசியிருந்தால் ஒரு சித்திரை வெயில் தாங்காது. ஒரு நாள் இறுக விட்டு, அரம், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் பெயின்ட்.

வலது பக்கத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. இத்தனை வருஷம் கை பட்டுத் தேய்ந்தது என்று நானே முடிவு செய்து அதையும் நிரப்பினேன். நூலைச் சுற்றி அளந்தேன். எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே பருமன். இதைவிட நன்றாக ஒருத்தராலும் செய்ய முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் மாறவில்லை.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு தரம் பிடித்துப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"புதுசாட்டம் இருக்குதுங்க தம்பி. உங்க கை நல்ல கை. வெயில்ல எனக்குக் கண்ணு கூசுது, பக்கத்துத் தோட்டத்துக்காரரை வந்து எடுத்துட்டு வரச் சொல்றேன்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெயின்டின் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டம்மா போன் செய்தார்.

"நான் பேசுனது அவருக்குத் தெரிய வேண்டாமுங்க தம்பி. வண்டி வந்ததுல இருந்து அவரு எடுக்கறதே இல்லீங்க. ரெண்டு தடவையும் ஆட்டோவுலதான் போனோம். அந்தக் கையி அதுல நிக்கறதில்லீங்களாமா."

"தேஞ்ச எடத்தையெல்லாம் சரி பண்ணித்தானுங்கம்மா குடுத்தேன்."

"அது தேஞ்சது இல்லீங்க. கரும்பு ஆலையில விரலு போச்சுங்களே, அந்த வருசம் அவரே அரத்தை வெச்சு ஒரு மாசம் ராவி ராவிப் பண்ணுன பள்ளமுங்க அது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"இத்தனை அழகாச் செஞ்சிருக்கறவரு மனசு நோகுமாமா. ஞாயித்துக்கெழமை பையன் வாரான். வித்துப்போடுன்னு சொல்லப்போறாருங்க."

உடனே பெரியவரைக் கூப்பிட்டேன். பெயின்ட் சரியாகக் காயாமல் கொடுத்துவிட்டேன், ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றேன். மறுநாளே தோட்டத்துக்காரர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

மின்னிக்கொண்டிருந்த வலது பக்கத்தை அவர் கண் முன்னாலேயே அரத்தால் ராவினேன். கம்பிக்கு மேலே கொஞ்சம் விட்டு நிறுத்தி, புதுக் களிம்பைப் பிசைந்து அப்பினேன்.

"அந்தக் கையக் குடுங்கய்யா."

துண்டுக்கு அடியில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஊட்டுக்காரி போன் பண்ணுனாளா?"

"இல்லீங்க."

"அரம் புடிக்கற அளவுக்குப் பொய்யி சொல்ல வரலீங்க உங்களுக்கு."

கையை நீட்டினார். பாலிதீன் தாளைச் சுற்றி, களிம்பு ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன். "தோப்புக்காரனுக்கே எண்ணெயா" என்றார். கியர் மாற்ற இடது கை போகும் நேரத்தில் வலது கை தனியாக எப்படிப் பிடிக்குமோ அப்படிப் பிடிக்கச் சொன்னேன். மெதுவாகப் பிடித்தார்.

"இப்படி இல்லீங்க. பஸ்காரன் குறுக்க வந்தாப் புடிக்கற மாதிரி."

பிடித்தார். கூடவே பஸ்காரனை ஒரு வார்த்தை சொன்னார். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். களிம்பில் பெருவிரலும் இரண்டு விரலும் ஆழமாகப் பதிந்தன. அந்தப் பதிவை அப்படியே இறுக விட்டு, விளிம்புகளை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறித் தனியாகவே வந்தார். உட்கார்ந்து பிடித்தார். "ஆச்சுங்க" என்றார், அவ்வளவுதான். அவர் கியர் மாற்றிக்கொண்டே மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பியதைப் பார்த்தேன். ஸ்டீரிங்கில் இருந்தது அந்த ஒரு கைதான். வண்டி இம்மியும் அலையவில்லை.

கண்ணுகளா, நான் கேட்காததும் மரியாதைதான், அவர் சொல்லாததும் மரியாதைதான். இரண்டும் சேர்ந்து ஒருத்தருடைய வண்டியை விற்கப் பார்த்தன. இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் கையைப் பார்த்து, வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு பட்டறையில் நான் மட்டும்தான். போனை எடுத்து பேஸ்புக்கில் நம் பட்டறையின் பக்கத்தைத் திறந்தேன். முதல் தடவை முடித்த அன்று, எல்லாப் பக்கமும் ஒரே பருமனாக மின்னிய ஸ்டீரிங்கைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதன் கீழே நிறையப் பேர் சூப்பர் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு படத்தை அழித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.