சீடிக்குச் சுருதி கூட்டிய வயலின்

ஆர்கன் வாசிக்க ஆள் வராத ஆறு மணிப் பூசைக்கு, கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் முழுதும் மாமாவின் தொண்டையைத்தான் நம்பியிருந்தது. அவர் முதல் சுரத்தை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். துறைமுகத்துக் கிளார்க் வேலை அவருக்குச் சோறு போட்டது, காதுதான் மரியாதை வாங்கித் தந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்குப் பதினொரு வயதில் வயலின் பரீட்சை வந்தது. வயலின் பாடசாலையுடையது. பாஸானால் இன்னும் ஒரு வருடம் என்னிடம் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது வயலின் சொல்லித்தந்த மிஸ் பிரசவ லீவில் போய்விட்டார். பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். நான் வாசிக்க வேண்டிய கொன்செர்ட்டோவின் சீடியைப் புறக்கோட்டையில் தேடிப் பிடித்தார். ஐரோப்பாவில் முந்நூறு வருடங்களுக்கு முன் ஏ மைனர் என்ற சுருதியில் எழுதியது. பின்னேரங்களில் அந்தச் சீடியைப் போட்டு, அதற்குச் சரியாக நான்கு தந்திகளையும் கூட்டித் தருவார். வேகமான இசைதான், ஆனாலும் சீடியில் அது மழைக்கு முன் இருட்டுவதுபோல் கேட்கும். எனக்கு அதில் உயிர்.

"அவன் ஓடுற வேகத்திலயே ஓடு பிள்ளை. சீடி பிழை விடாது" என்பார்.

பரீட்சையன்று காலி வீதி நெரிசலில் பஸ் நகரவேயில்லை. கொள்ளுப்பிட்டி மண்டபத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமா ஹெட்போனில் சீடியைக் கேட்டபடி வாசலிலேயே நின்று தந்திகளைக் கூட்டி, என்னை உள்ளே தள்ளிவிட்டார்.

எனக்குத் துணையாகப் பியானோ வாசிக்க வந்திருந்த ஓர் அம்மா ஒரு கட்டையை அழுத்தினார். நான் என் தந்தியை இழுத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"மகள், உங்கட வயலின் அரைச் சுருதி கீழ நிக்குது."

"இல்ல மிஸ், மாமா கூட்டினது."

பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த அம்மா வயலினை வாங்கி முளைகளை முறுக்கினார். தந்தி கிறீச்சிட்டது.

வாசிக்கத் தொடங்கினேன். அதே வேகம்தான், ஆனால் இருட்டைக் காணவில்லை. யாரோ எல்லா விளக்கையும் போட்டதுபோல் இருந்தது. அவசரமாக முறுக்கிய தந்திகளோ நாலு வரி போவதற்குள் தளரத் தொடங்கின. விரல் வைத்த இடத்தில் சுரம் இல்லை. முடிப்பதற்கு முன்பே வயலின் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வாசலில் அந்த அம்மா கேட்டார்: "யார் டியூன் பண்ணினது?"

"நான்தான் மிஸ்" என்றார் மாமா.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கத்தினேன். "உங்கட காது பழுதாப் போச்சு மாமா!"

"ஓம் பிள்ளை" என்றுவிட்டு அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் மாமா இறந்தபின் அவருடைய அலுமாரியிலிருந்து அந்தச் சீடி என்னிடம் வந்தது. உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது, எங்கள் இருவருக்கும் தெரியாத மொழியில். வெள்ளவத்தை பிளாட்டில் உட்கார்ந்து போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். சீடியில் வாசித்தவர்கள், அந்த இசை எழுதப்பட்ட காலத்து வழக்கப்படி, இன்றைய பியானோவைவிட அரைச் சுருதி தாழ்த்தியே கூட்டியிருந்தார்களாம். மாமாவின் காது மயிரிழை கூடத் தவறியிருக்கவில்லை. பஸ்ஸில் நான் கத்தியது நினைவுக்கு வந்தது.

அந்தப் பரீட்சைக்கு அடுத்த ஞாயிறு, பூசையில் பாட்டுத் தொடங்கும் நேரம் எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நின்றார். பின்வரிசையில் யாரோ தப்பாகத் தொடங்கினார்கள். அவருக்கு இன்னும் என்னோடு கோபம் என்று நினைத்து, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.