மாமரத்துக் காவல்காரர்கள்

பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். கூட்டுயிர் வாழ்க்கைக்கு உதாரணம் சொல் என்றால் தூக்கத்தில்கூட நாலு சொல்வேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தி உண்டு. ஒரு வருடம் அதில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. கூடவே கறுப்பு எறும்புகளும் ஊர்ந்தன. பூச்சி கசியவிடும் இனிப்பை எறும்பு குடிக்கும். பதிலுக்குப் பூச்சியை யாரும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும். புத்தகத்தில் இருப்பது அப்படியே வாசலில் நடந்தது. எறும்பை ஒழித்தேன், செடி தெளிந்து பூத்தது. அதன்பிறகு தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் வலியப் போய் ஆலோசனை சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நத்தம் பக்கம் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, மாந்தோப்பு இருக்கிறது. அதன் ஓரத்தில் என் மனைவி தன் கையால் வைத்த ஒட்டுமாமரம் ஒன்று. டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அந்த மரத்தின் முதல் காய்ப்பை எங்கள் மாதா கோயிலுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். திருவிழாப் பூசையில் பீடத்தின் முன் வைத்து, சாமியார் மந்திரித்த பிறகு ஏலம் விடுவது எங்கள் வழக்கம். போன வருடம்தான் மரம் முதன்முதலாகக் காய்த்தது. நாற்பது காய்கூட இருக்காது. ஒவ்வொரு ஞாயிறும் போய் எண்ணிவிட்டு வருவாள். என்னை அவள் அவ்வளவு அக்கறையாகப் பார்த்து நாளாயிற்று.

காய்கள் எலுமிச்சை அளவில் இருந்தபோது ஒரு நாள் மரத்தடியில் நின்று பார்த்தேன். இலைகளை இழுத்துத் தைத்துக் கட்டிய கூடுகள், கிளையெல்லாம் சிவப்பு முசுறு எறும்புகள். மச்சான் சந்தைக்குப் போயிருந்தார். மனைவி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொரட்டியால் கூடுகளை அறுத்துப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். உச்சியில் ஒரே ஒரு கூடு மட்டும் மிஞ்சியது. கருணையால் அல்ல, அதற்குள் நாலைந்து எறும்பு சட்டைக்குள் புகுந்துவிட்டதால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எட்டிய காய்களைப் பறித்தோம். தோலில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பால் கசிந்திருந்தது. மனைவி ஒன்றை அறுத்தாள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. இன்னொன்று, அதிலும் புழு. மூன்றாவதை அறுக்கவில்லை. அரிவாள்மனையை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈ குத்தியிருக்கு மாப்ள. முசுறு இருந்தா ஈய அண்டவிடாது. மரம் எல குடுக்குது, அதுக காவல் காக்குது. அம்புட்டுத்தான். இந்த மரத்துல இருந்த கூடெல்லாம் எங்க போச்சுன்னு நானும் ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். கொளுத்தியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். செம்பருத்தியில் எறும்பின் கூட்டாளி பூச்சி, மாமரத்தில் அதன் கூட்டாளி மரம் என்ற வித்தியாசம் இருபது வருடம் பாடம் நடத்தியவனுக்குத் தெரியவில்லை. ரொம்பவும் வெட்கமாக இருந்தது.

"கடையில நல்ல பழமா வாங்கி வச்சிருவோமா?" என்று கேட்டேன். அதையும் கேட்டிருக்க வேண்டாம்.

"கடைப் பழத்தையா நேந்தேன்?" என்றாள் மனைவி.

மச்சான்தான் உச்சிக் கிளையைக் காட்டினார். நான் விட்டுவிட்டு ஓடிய அந்தக் கூட்டைச் சுற்றிப் பதினோரு காய்கள், ஒரு புள்ளிகூட இல்லாமல் தொங்கின. தோப்பில் வேலை செய்கிறவரைக் கூப்பிடப் போனார்.

"யாரும் வேணாம்ணே," என்றாள் அவள். "கூட்டக் கொளுத்துனவுகளே ஏறட்டும். கூட்டுல கை படாமப் பறிக்கச் சொல்லுங்க."

ஏணி போட்டு ஏறினேன். முசுறுகளுக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது போலிருக்கிறது. பதினோரு காயும் இறங்கி வருவதற்குள் என் காது வடையாக வீங்கியிருந்தது. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டார்.

திருவிழா அன்று கூடையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதல் வரிசையில் நின்றோம். சாமியார் தீர்த்தம் தெளித்தபோது, கூடைக்குள்ளிருந்து ஒரே ஒரு முசுறு வெளியே வந்து, பழத்தின் மேல் ஏறி, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நசுக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு நாளாக என்னிடம் பேசாதவள்.

"அத விடுங்க," என்றாள் மெதுவாக. "அது இங்க வரைக்கும் காவலுக்கு வந்துருக்கு."

கையை இழுத்துக்கொண்டேன். பூசை முடியும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை.