இடைவெளி விட்ட பெயர்

அச்சகத்தில் அவருக்கு ‘அடிக்கோடு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்த கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது யாராவது இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட்டுவிட்டால் மனிதர் பொங்கிவிடுவார்.

“நடுவுல ஒரு அடிக்கோடு போட்டா கை தேஞ்சா போயிடும்? இடம் விட்டா மிஷின் அத ரெண்டு பேருன்னு எடுத்துக்கும்யா!”

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் வேலை செய்வார். மவுஸைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

வீட்டுக் கணினியில் மட்டும் அவர் சட்டம் செல்லுபடியாகவில்லை. அது மனைவியின் ராஜ்ஜியம். ஆறு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மகளின் படங்களையும் வீடியோக்களையும் ‘பாப்பா’ என்ற கோப்புறையில் சேர்த்திருந்தாள். கலங்கியவை, கண் மூடியவை எல்லாம் ‘பாப்பா வேண்டாதது’ என்ற இன்னொன்றில் கிடந்தன.

ஒரு விடுமுறை நாளில் கணினியில் இடம் நிரம்பிவிட்டது.

“அந்த வேண்டாதத அழிச்சிடுங்களேன்” என்றாள், துணி மடித்துக்கொண்டே.

அவர் உட்கார்ந்தார். அழிக்கும் கட்டளை, பிறகு பாதை, கடைசியில் பெயர். இடம் விட்ட பெயரை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர், கைப்பழக்கத்தில் குறி போடாமலே தட்டி என்டரை அழுத்தினார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ‘வேண்டாதது’ என்று எதுவும் இல்லை.

அவர் அந்த வரியைத் திரும்பப் படித்தார். இரண்டாவது பெயர்தான் இல்லை. அப்படியானால் முதல் பெயர்?

‘பாப்பா’ போயிருந்தது. கட்டளையில் அழித்தது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

“முடிஞ்சுதாங்க?”

அவர் சொன்னார். அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“பாட்டு பாடுவாளே... அதுவுமா?”

“அதுவும்தான்.”

“ஆபீஸ்ல தினமும் நகல் எடுப்பீங்களே. இதுக்கும் எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

“வீட்டுக்கு எடுக்கல” என்றபடி அவர் கணினியின் ஒயர்களைப் பிடுங்கினார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தார். ஒரு மெக்கானிக் சில படங்களை மீட்டுக் கொடுத்தார். எல்லாவற்றிலும் நெற்றி வரைதான் இருந்தது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“அவ்வளவுதாண்ணே. மன்னிச்சுக்குங்க.”

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பல வாரங்கள் கழித்து ஒரு மாலை, அவள் மிச்சமிருந்த ‘பாப்பா வேண்டாதது’ கோப்புறையைத் திறந்தாள். விரல் மறைத்த படம், ஓடும் கால், கதவோரம் கலங்கித் தெரிந்த பாவாடை. ஒரு வீடியோவில் வெறும் இருட்டு. போன் அவர் சட்டைப்பைக்குள் இருந்தபடியே பதிவாகி ஓடியிருக்கிறது. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: “அப்பா, தூக்கு... அப்பா!”

அடுத்த அறையில் அவர் சுவரோடு ஒட்டிப்போய் நின்றார்.

“இங்க வாங்க” என்று கூப்பிட்டாள் மனைவி. “உங்களத்தான் கூப்பிடுறா.”