சகலை வீட்டுச் சின்ன போன்

லிப்ட்காரருக்குப் பிறத்தியார் பொருளைப் பார்த்துப் பொறாமைப்படும் வழக்கமே கிடையாது. ஐம்பத்திரண்டு வயதுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை கார் வாங்கியபோது, அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார். சகலை சொந்த வீடு வாங்கியபோது போய், சாப்பிட்டு, சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்ட மனிதரின் வயிற்றைப் பற்றவைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய போன். கேட்டால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டே கேளுங்கள்.

இருபத்தாறு வருடமாக லிப்ட் பழுது பார்க்கிறவர் அவர். அந்த வேலையில் பாதி நேரம் லிப்ட் பெட்டியின் தலைமேல், இருட்டுக் குழாய் மாதிரியான சுவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும். ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும், அதை விட்டால் ஆள் இல்லை. மிச்சமிருக்கிற ஒரு கைதான் திருப்புளி பிடிக்க, டார்ச் அடிக்க, மூக்கைச் சொறிய, போன் பேச. மின்பலகைக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளிக்குள் போனை நுழைத்துப் படம் எடுத்தால்தான் எந்த ஒயர் கருகியது என்று தெரியும். அதற்கு அவருடைய சின்ன போன் அளவெடுத்துத் தைத்த மாதிரி. வாங்கி ஏழு வருடம் ஆகிறது.

அதனால் போன் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதைச் சொல்லிவிடுவார்.

"ஒரு கைக்குள்ள அடங்கணும். பெருவிரல் மூலைக்கு மூலை போகணும். ரெண்டு கை கேக்கறதுக்குப் பேரு போன் இல்ல, பலகை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

ஒருமுறை சகலை ஆசையாக வாங்கி வந்த புதுப் போனை மேஜைமேல் வைத்தபோது, லிப்ட்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, "வெங்காயம் நறுக்கத் தோதா இருக்கும்" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு லிப்ட்காரருக்கு ஒரு வாரம் மனசு குளிர்ந்திருந்தது.

பிறகு காலம் திரும்பியது. சின்ன போனின் முதுகு உப்ப ஆரம்பித்தது. கடைக்கு எடுத்துப் போனார். பழுது பார்க்கிறவன் அதைத் தொடவே இல்லை. "பேட்டரி வீங்கியிருக்கு சார். பேன்ட் பைல வெக்காதீங்க. இதுக்கு இப்ப சாமானே வர்றதில்ல" என்றான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பக்கத்துக் கடைக்குப் போனால், அங்கிருந்த பெண் வரிசையாக ஆறு பலகைகளை எடுத்து வைத்தாள்.

"இதுல சின்னது எதும்மா?"

"இதுதான் சார் இருக்கறதுலயே சின்னது."

அது அவருடைய டிபன் பெட்டியைவிட நீளமாக இருந்தது. கம்பெனியில் இரவல் தந்த பெரிய போன் ஒன்றை சட்டைப்பையில் வைத்துப் பார்த்தார். அது பாதி உள்ளே, பாதி வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. ஆறாவது நாள் குனிந்தார், ஐந்து மாடி ஆழத்துக்கு அது கீழே போனது. சத்தம் வந்து சேர ஒரு கணம் ஆயிற்று. மேலதிகாரி, மாசக் கடைசிக்குள் சொந்தமாக ஒரு நல்ல போன் வைத்துக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு லிப்ட் குழி வேலை இல்லை, ஆபீஸில் உட்கார்ந்து புகார் எழுதுங்கள் என்றுவிட்டார். லிப்ட்காரருக்கு நாற்காலி என்றாலே உடம்பு வலிக்கும்.

இந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சகலை வீட்டுக்குப் போனார். மனைவி வாரம் தவறாமல் போவாள், சில வாரம் இரவு தங்கியும் வருவாள், அவளுடைய அப்பா அங்கேதான் இருக்கிறார். இவர் அத்தி பூத்த மாதிரி எப்போதாவது போவார். அதற்குக் காரணம் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன் மாமனாருக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்தபோது, யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. "நம்ம வீடு மூணாவது மாடி, லிப்ட் இல்லையே" என்றார் மூத்த மாப்பிள்ளை. ஊர் முழுக்க லிப்ட் ஓட்டிவிடுகிறவர் வாயிலிருந்து இது வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சகலை மட்டும், "மாமா எங்கூட வரட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போனால் மாமனார் அறையில் இரண்டு நிமிடம் நின்று, "எப்படி இருக்கீங்க மாமா" என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் ஹாலுக்கு வந்துவிடுவார்.

அன்றும் அப்படி ஹாலுக்கு வந்தவர், சுவரலமாரித் தட்டில் அதைப் பார்த்தார். அதே போன். அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே மழுங்கிய மூலை. ஒரு கீறல் இல்லை. முதுகு தட்டையாக, நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. சார்ஜில் சாதுவாகப் படுத்திருந்தது.

"இது யாரோடது?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்.

"அதுவாண்ணா? சும்மா அலாரம் அடிக்க வச்சிருக்கோம்" என்றார் சகலை. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவருடைய பலகை அலற, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அலாரம் அடிக்கவாம். லிப்ட்காரருக்கு அடிவயிற்றிலிருந்து திகுதிகுவென்று ஏறியது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பது இதுதான். கார் வைத்துக்கொள்ளட்டும், வீடு வைத்துக்கொள்ளட்டும், நான் ஏதாவது சொன்னேனா? உலகத்திலேயே எனக்கு வேண்டிய ஒரே பொருளையும் இவன் வாங்கி, காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டிவிடுவதற்கு வைத்திருக்கிறானே. கேட்டால் கொடுத்துவிடுவான். அதுதான் தொல்லை. வெங்காயம் நறுக்கச் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

இங்கே அவருடைய தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிப்ட் குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் சிவப்பு அட்டையை மாட்டுவான். மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். மேலதிகாரி வந்தாலும், வீட்டுக்காரன் குதித்தாலும் வேறொருவன் கை படக்கூடாது. உள்ளே ஓர் உயிர் அந்த அட்டையை நம்பி நிற்கிறது. இருபத்தாறு வருடத்தில் லிப்ட்காரர் அடுத்தவன் அட்டையைத் தொட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் தன் சாமான் எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவைப்பார். திருப்புளி, டிபன் பெட்டி, சீப்பு, போன். "நல்லவேளை, என் நெத்தியில ஒட்டாம விட்டீங்க" என்பாள் மனைவி.

சகலையின் போன் முதுகிலும் ஓர் ஒட்டு இருந்தது. வெள்ளைப் பிளாஸ்திரி, அதன்மேல் பேனாவால் பொடி எழுத்து. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி தெரிந்தது. சின்ன போன்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவருக்குச் சின்ன எழுத்து தெரிந்து நான்கு வருடம் ஆகிறது, கண்ணாடி வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கடைக்காரன் ஏதோ எழுதியிருப்பான் என்று நினைத்தார். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

சமையலறையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பால்கனியில் சகலை சத்தமாகச் சிரித்தார். லிப்ட்காரர் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். பூட்டு எண்கூட இல்லாமல் திறந்து கிடந்தது அந்தப் போன். பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார். உரித்ததைக் கீழே போடவில்லை, சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். எதையும் கீழே போடாத கை அது. தன் போனின் சிவப்பு டேப்பைப் பிய்த்து இதில் ஒட்டினார். ஊசியால் குத்தி சிம்மை மாற்றினார். வீங்கின போனை, முதுகு அடியில் இருக்கும்படி, தட்டில் சார்ஜில் வைத்தார். அவன் என்ன, தினமும் புரட்டியா பார்க்கப்போகிறான் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதை நூறு தடவை பையில் போட்டு எடுத்தார். பெருவிரலை மூலைக்கு மூலை ஓட்டினார். இனி நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை. பச்சைக் குழந்தையைப் போலத் தூங்கினார்.

காலை ஆறு மணிக்கு அவர் தலைமாட்டில் ஒரு குயில் கூவியது.

சமையலறையிலிருந்து மனைவி வந்து நின்றாள். "இது எங்க அப்பாவோட மாத்திரைக் குயிலாச்சே. இங்க எப்படிக் கூவுது?"

"என்ன குயிலு?"

"வெறும் வயித்துல போடற மாத்திரைங்க. அது ஒண்ணைத்தான் அவரே போட்டுக்கறாரு. ராத்திரி அவர் தலைமாட்டுல வெச்சிடுவாங்க. இது கூவினா எடுப்பாரு, இல்லன்னா இன்னும் நேரம் ஆகலன்னு உக்காந்திருப்பாரு. தங்கச்சி வீட்டுல ஏழு மணிக்கு முன்ன யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

"மாறிப்போச்சு போல. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துது."

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "டேப்பும் தானா மாறிப்போச்சா?"

லிப்ட்காரர் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சட்டைப்பையிலிருந்த பிளாஸ்திரியைப் பிரித்து, விரலால் நீவிப் படித்தார். சகலையின் கையெழுத்து. 'மாமாவின் மாத்திரை போன். யாரும் எடுக்க வேண்டாம்.'

சிம்மைக் கழற்றி, பிளாஸ்திரியையும் வேலைப் பையையும் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பினார். வழியெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப்பைக்குள் குயில் கூவியது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "எடுங்க சார்" என்றார். அவருக்கு அதை நிறுத்தக் கை வரவில்லை.

மைத்துனி தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். மாமனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மாத்திரை டப்பா, பக்கத்தில் தண்ணீர். இடது கையில் லிப்ட்காரரின் வீங்கின போன்.

"வாங்க மாப்பிள்ளை. இன்னிக்கு இது கூவவே இல்ல. அமுக்கினா ஏதோ நம்பர் கேக்குது. கெட்டுப்போச்சோ என்னமோ."

"இல்ல மாமா. மாறிப்போச்சு. இதுதான் உங்களோடது."

கைக்கு வந்ததும் அது கூவியது. பெரியவர் போனைப் பிடித்த அதே கையின் பெருவிரலை மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஓட்டி நிறுத்தினார். போனை மடியில் வைத்தார். அதே கையால் டப்பாவைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். யாரையும் கூப்பிடவில்லை. லிப்ட்காரர் இரண்டு நிமிடம் தாண்டியும் அங்கேயே நின்றார்.

"முதல்ல சின்ன மாப்பிள்ளை அவரோட பெரிய போன்லதான் வச்சுக் குடுத்தாரு" என்றார் மாமனார், வாயைத் துடைத்துக்கொண்டு. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிந்தது. "பிடிச்சா அமுக்க முடியல, அமுக்கினா பிடிக்க முடியல. நெஞ்சு மேல விழுந்துது. அப்புறம் எங்கெங்கயோ தேடி இதைக் கொண்டாந்தாரு. நீங்க சொல்லித்தான் தோணுச்சாம். ஒரு கைக்குள்ள அடங்கணும், பெருவிரல் மூலைக்கு மூலை போகணும்னு நீங்க சொல்வீங்களாமே?"

லிப்ட்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

சகலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார், கையில் பலகை. "என்னண்ணா, காலங்காத்தால?"

"போன் மாறிப்போச்சு."

"அட, ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு." நம்பினாரா, நம்பின மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. "உங்களோடது வீங்கியிருக்கேண்ணா. இது வாங்கின ஆள்கிட்ட இன்னொண்ணு இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன்."

கேட்பான், தேடிப் பிடித்துக் கொண்டுவந்தும் கொடுப்பான் என்று லிப்ட்காரருக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

"இது என்ன செவப்பா ஒட்டியிருக்கு?" என்றார் மாமனார். சகலை அதை உரிக்க நகத்தை வைத்தார்.

"எடுக்காதீங்க" என்றார் லிப்ட்காரர். "ஒட்டினவன்தான் எடுக்கணும். இருக்கட்டும்." பையைத் திறந்து டேப் சுருளை எடுத்தார். பசை போன பிளாஸ்திரியை, கசங்கலை நீவி, போன் முதுகில் வைத்து, அதன்மேல் எழுத்து மறையாமல் நான்கு ஓரமும் சிவப்பு டேப் ஒட்டினார். இப்போது கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

வீங்கின போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். வயிற்றெரிச்சல் துளியும் குறையவில்லை, ஆனால் போனை அது மறந்துவிட்டிருந்தது. ஏழு வருடமாக அந்தப் பேச்சைப் பத்து வீட்டில் பேசியது அவர். பேசும்போதெல்லாம் அவருடைய கைதான் அவருக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு மாமாவின் கை ஞாபகம் வந்திருக்கிறது.