முழுசா, பாதியா?

ஆர்லாண்டோ விமான நிலையத்தில் வாடகைக் கார் கம்பெனிகள் வரிசையாகக் கடை விரித்திருக்கும் இடத்தில், ஒரு கம்பெனியின் ஏழாம் கவுண்ட்டரில் நெரெய்டா கின்யோனெஸ் பதினான்கு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். அங்கே நாற்காலி கிடையாது. நிற்கிறவள்தான் நன்றாக விற்பாள் என்று மேலே உட்கார்ந்திருந்த யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

வந்த புதிதில் பக்கத்து ஊரான கிஸிமியில் ஓர் ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள் அவள். புயெர்ட்டோ ரிக்கோத் தீவில் யபுகோவா என்ற ஊரிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்தாள். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் சரளமாகப் பேசுவாள், சிரித்த முகம். கார் கம்பெனி அவளைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. கொடுத்த சம்பளம் ஓட்டலைவிட ஒரு டாலர்தான் கூட. ஆனால் காரோடு சேர்த்து விற்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கில்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினாள், மகனின் கோணல் பல்லுக்குக் கம்பி போட்டாள், கணவன் வில்ஃப்ரேடோ பஸ் பட்டறையில் ஆள்குறைப்பில் போனபோது எட்டு மாதம் குடும்பத்தை ஓட்டினாள். அவளை யாரும் ராட்சசி என்று நினைத்துவிட வேண்டாம். மதியம் துவரை போட்ட சோற்றைக் கொண்டுவந்து, பக்கத்துக் கவுண்ட்டர் பெண்ணுக்குப் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

காரை வாடகைக்கு விடுவதில் கம்பெனிக்குப் பெரிதாக ஒன்றும் நிற்காது. கம்ப்யூட்டரில் வாரத்துக்கு நூற்றைம்பது டாலர் என்று பளிச்சென்று போட்டிருப்பார்கள். நேரில் வந்தால் விமான நிலையத்துக்குள் நின்று எடுத்ததற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டடம் கட்டியதற்கு ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, டயரையும் பேட்டரியையும் பிற்காலத்தில் அப்புறப்படுத்தப்போவதற்கு ஒன்று. இதெல்லாம் யார் கேட்டாலும் குறையாது. கவுண்ட்டர் ஆளின் சாமர்த்தியம் அதற்குமேல்தான் ஆரம்பம். இன்சூரன்ஸ், நடுவழியில் வண்டி நின்றால் உதவி, முன்கூட்டியே பெட்ரோல். எல்லாம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற கணக்கு. கேட்கும்போது காபிக் காசு மாதிரி இருக்கும், இருபது நாளால் பெருக்கிப் பார்த்தால் கண்ணைக் கட்டும்.

நெரெய்டாவின் கேள்வி அந்த நிலையம் முழுக்கப் பிரசித்தம். மற்றவர்கள் "இன்சூரன்ஸ் வேணுமா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவள் அப்படிக் கேட்டதே இல்லை. பேனாவைக் கையில் கொடுத்தபடியே கேட்பாள்:

"இன்சூரன்ஸ் முழுசா போட்டுடவா, பாதி போதுமா?"

நாலு மணி நேரம் விமானத்தில் முடங்கி, பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, பெட்டியைத் தேடி அலைந்து வந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். எதுவும் வேண்டாம் என்ற மூன்றாவது கட்டமும் கையெழுத்துப் போடும் தாளில் இருக்கத்தான் செய்தது. அவள் கை அதை மறைக்காது. கேள்வியே மறைத்துவிடும். ஓய்வறைச் சுவரில் மாதாமாதம் யார் எவ்வளவு கூடுதலாக விற்றார்கள் என்று பலகை தொங்கும். பதினொரு வருஷமாக அதில் அவள் பெயர் மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

இன்னொரு ஆயுதமும் அவளிடம் இருந்தது. அந்த ஊர்க் கேளிக்கைப் பூங்காக்களில் வேலை செய்கிறவர்களின் நெஞ்சுப் பட்டையில் பெயருக்குக் கீழே சொந்த ஊரும் இருக்கும். கார் கம்பெனி அதைப் பார்த்துக் காப்பியடித்தது. ‘நெரெய்டா, யபுகோவா.’ தீவிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் வேறு வரிசையில் நிற்க மாட்டார்கள். யபுகோவாக்காரர்களோ கவுண்ட்டர்மேல் பாதி சாய்ந்து, எந்தத் தெரு, யார் மகள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் எதையும் படித்துப் பார்த்ததில்லை.

எஃப்ராயின் லெப்ரோன் வந்தது பிப்ரவரியில். எழுபதைத் தாண்டிய மனிதர், கரும்பு ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பட்டையைப் பார்த்ததும் மற்ற கவுண்ட்டர்களில் வரிசையே இல்லாதபோதும் இவள் வரிசையில் ஆறாவதாக நின்றார். முறை வந்ததும் கதையைச் சொன்னார். மகள் தாமாரிஸ் இங்கே ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். இதயத்தில் வால்வு பழுது. மூன்றாம் வாரம் ஆபரேஷன். அவளுக்கு இங்கே வேறு யாரும் இல்லை. இருபத்தொரு நாள் கூடவே இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம், மூன்று மாறவேண்டும்.

நெரெய்டாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. நிஜமான கரிசனத்தோடு வால்வைப் பற்றி விசாரித்தாள். அவள் சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு என்று தெரிந்தது. ஆனால் நாக்கு அதன்பாட்டுக்கு ஓடியது. பதினான்கு வருஷப் பழக்கம், அது மனசைக் கேட்டுக்கொண்டா ஓடும்?

"முழுசா போட்டுடவா, பாதி போதுமா?"

"உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடு மகளே," என்றார் அவர்.

அவள் முழுசாகப் போட்டாள். நடுவழி உதவியையும் சேர்த்தாள், பெட்ரோலையும். அவர் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டு, கடவுள் உன்னை நல்லா வச்சிருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். அறுநூற்று இருபது டாலரில் முடியவேண்டிய வாடகை ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்றாக ஆகியிருந்தது. முன்வைப்பாக இன்னொரு இருநூறு. அவரிடம் இருந்தது கிரெடிட் கார்டு இல்லை, வங்கிக் கணக்கின் அட்டை. வண்டி திரும்பிவரும்வரை இரண்டும் சேர்ந்த தொகை முழுவதும் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும், தொட முடியாது. இதையும் அவள் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்கள். அன்று மாலை பலகையில் அவள் இரண்டாம் இடத்துக்கு ஏறினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அதே வெள்ளைச் சட்டை வரிசையில் நிற்பதைப் பார்த்தாள். ஆபரேஷன் முன்னாலேயே முடிந்துவிட்டதோ என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சாவியைக் கவுண்ட்டர்மேல் வைத்தார்.

"வண்டியைத் திருப்பி எடுத்துக்கோ மகளே. மீதிப் பணத்தைக் கொடு. டிக்கெட்டை மாத்தி நாளைக்கே ஊருக்குப் போறேன்."

ஆபரேஷன் முடியவில்லை. இன்னும் ஏழு நாள் இருந்தது. மூன்று வாரத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்தது ஆயிரத்து எழுநூறு. ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கப் போனால் கணக்கில் ஒன்றுமில்லை என்று இயந்திரம் சொல்லியிருக்கிறது. மகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டு வாடகை பாக்கியோடு படுத்திருக்கிறவள். முந்தின நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டது ரொட்டியும் தண்ணீரும்தான்.

நெரெய்டா ஒப்பந்தத்தைத் திரையில் திறந்தாள். இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு என்று தட்டிப் பார்த்தாள். ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. பன்னிரண்டு நாள் குறைந்தும் கணக்கு பெரிதாகக் குறையவில்லை. மூன்று வாரத்துக்கென்று எடுத்ததால்தான் அந்த மலிவு விலை. சீக்கிரம் திருப்பினால் அது ரத்தாகி, ஒவ்வொரு நாளுக்கும் தனி விலை விழும். அவளுக்குத் தெரியாததல்ல. தினம் பார்க்கிறதுதான். எதிரே நிற்கிறவரின் முகத்தை வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வண்டியை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அவரோடு நிறுத்தத்துக்குப் போனாள். உள்ளே துடைத்து வைத்தது போலச் சுத்தம். கோப்பை வைக்கும் குழியில் கால் டாலர் நாணயங்கள் அடுக்கியிருந்தன. சுங்கச் சாவடிக் கூடையில் போடுவதற்காக மாற்றி வைத்தவை. கண்ணாடிக்கு மேலே சுங்கப் பெட்டி திறந்து கிடந்தது. ஒருமுறை திறந்தால் போதும், சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அது காசு பிடிக்கும், வாடகை எடுத்த அத்தனை நாளுக்கும் தனிக் கட்டணமும் விழும். மூக்குக் கண்ணாடி வைக்கிற இடம் என்று நினைத்துத் திறந்தாராம். ஒன்பது நாளும் கூடையில் நாணயத்தை எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார், பெட்டியும் தன் பங்கை எண்ணியிருக்கிறது.

அவள் பெட்டியை மூடினாள். வெட்கமாக இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்கே ஒருதரம் படிச்சுப் பார்த்திருக்கலாமே அய்யா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "படிச்சிருப்பேன்," என்றார். "வேற யாராவது நின்னிருந்தா படிச்சிருப்பேன். நீ யபுகோவான்னு போட்டிருந்தது. அதுக்கப்புறம் என்னத்தைப் படிக்கிறது?"

திரும்பி நடந்துவரும் நூறு அடியில் நெரெய்டா ஒரு முடிவுக்கு வந்தாள். முதல் நாளிலிருந்து இன்சூரன்ஸை எடுத்துவிடக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வழி உண்டு. ‘ஊழியர் தவறு’ என்று ஒரு கட்டம். வாடிக்கையாளரைச் சரியாகக் கேட்காமல் விற்றுவிட்டேன் என்று தானே ஒப்புக்கொள்வது. யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் பங்கு போகும், பலகையில் பெயர் அடிமட்டத்துக்கு இறங்கும், வருஷத்தில் மூன்று சேர்ந்தால் கவுண்ட்டரே போய்விடும். அவள் தொட்டாள். அதற்கு மேலாளர் கர்டிஸ் வென்ஸலின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் சொந்தக்காரரா?" என்றார்.

"இல்லை."

"அப்புறம் எதுக்குடி உனக்கு இந்த வேலை? மாசக் கடைசி வேற. ஆள் கையெழுத்துப் போட்டிருக்கார்ல?"

"போட்டார். நான் சரியா கேக்கல."

கர்டிஸ் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். வங்கிக்குப் போனும் அவரே போட்டார், அந்த நல்ல குணம் அவருக்கு உண்டு. கூடுதலாக முடங்கிக் கிடந்த பணம் மறுநாள் மாலைக்குள் கணக்குக்கு வந்துவிடும் என்றார்கள். சுங்கப் பெட்டிக் கட்டணமும் நீங்கியது. பெரியவர் ஊரில் தன் லாரிக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸ் வாடகை வண்டிக்கும் செல்லும் என்பது, அவர் பர்ஸில் மடித்து வைத்திருந்த காகிதத்திலேயே இருந்தது. முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் காட்டியிருப்பார். காரைத் திருப்பித் தர வேண்டாம், இருபத்தொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மலிவு என்று நெரெய்டா விளக்கினாள். விளக்கும்போது தன்னையறியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிரிப்பு வரும், ஒரு வாழ்த்து வரும் என்று அவளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அதை மறைப்பானேன்.

புது ஒப்பந்தம் ஆறு பக்கம் வந்தது. அவள் பேனாவை நீட்டினாள். எஃப்ராயின் பேனாவை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஆங்கிலம் தடுக்கும் இடத்தில் விரலை நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். டயர் கட்டணத்தை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. இதை வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். சொல்லலாம், சொல்ல முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார், ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கவுண்ட்டருக்கு மாறினாள். கர்டிஸ் கண்ணாலேயே அவசரப்படுத்தினார். நெரெய்டா அவசரப்படுத்தவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் நின்றாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கால் வலித்தது என்று வீட்டில் சொன்னாளாம்.

ஆறாம் பக்கமும் முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் இடத்தில் மூன்றாவது கட்டத்தில் தானே அடையாளமிட்டார். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தார். ஆபரேஷன் வரைக்கும் இருக்க வழி செய்துவிட்டாள், அது அவருக்கும் தெரியும். நன்றி தெரியாத மனிதர் அல்ல.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார்.

அன்று மத்தியானம் நெரெய்டா கர்டிஸிடம் போய், ஊர்ப் பெயர் இல்லாத பட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.