நின்ற இடத்தில் பதினேழாயிரம் அடி

கிள்ளானில் ஒரு மனிதர், ரொட்டிக் கல்லை விட்டு ஓரடி நகராமல், மூன்றே மாதத்தில் தாய்லாந்து எல்லை வரைக்கும் நடந்து போய்த் திரும்பியும் வந்துவிட்டார். எல்லையில் அவருக்கு மாலை போட்டு, மேளம் தட்டி வரவேற்றார்கள். சரி, மாலை மிகை. மேளமும் மிகை. வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று போட்ட உப்பு. ஆனால் அந்தத் தூரம் மட்டும் யாரும் இட்டுக்கட்டியதில்லை. அதைச் சொன்னது எழுபத்தொன்பது மலேசிய வெள்ளிக்கு வாங்கிய கைக்கடிகாரம். மனுஷன் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். அதற்கு முகமும் இல்லை, வெட்கமும் இல்லை.

அந்த மனிதர் பக்கிரிசாமி. அருவருப்போடு பிறந்தவர். பிரிக்பீல்ட்ஸில், ஆறு குடும்பத்துக்கு ஒரு குளியலறை என்றிருந்த வரிசை வீட்டில் வளர்ந்ததில் அந்த அருவருப்பு நன்றாக ஊறியது. இருபத்து நாலு வயதில் வீச்சு ரொட்டியான ரொட்டி சானாய் போடக் கிள்ளானுக்கு வந்தபோது அதுவே தொழில் பக்தியாகிவிட்டது. முப்பத்து மூன்று வருஷமாக அவர் முழங்கைக்குக் கீழே எதையும் கட்டியதில்லை. கல்யாண மோதிரம் பீரோவில் தூங்குகிறது. கோவிலில் குருக்கள் கயிற்றோடு கையைத் தேடினால், "கழுத்துல போட்டுடுங்க சாமி, இந்தக் கைய மாவுக்கு நேர்ந்து விட்டாச்சு" என்பார். ஒருமுறை ஒரே ஒரு ஈ விழுந்ததற்காக இருபது கிலோ மாவைத் தூக்கிக் குப்பையில் கொட்டினார். முதலாளி கமலநாதன் அன்றைக்குக் கத்திய கத்தலுக்குப் போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு கப்பல் பதில் ஊதியதாகப் பேச்சு.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒன்பது வருஷமாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பயந்தது இன்சுலின் ஊசிக்குத்தான். செமினியில் இருந்த அண்ணன் அய்யாவுக்கு ஊசி ஆரம்பித்த வருஷமே கால் கட்டைவிரல் கறுத்தது. பிறகு பாதம், பிறகு முழங்கால். கட்டு மாற்றும் நேரத்தில் அந்த வீட்டில் ஒரு வாடை எழும். பக்கிரிசாமி வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொள்வார். அண்ணி கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டு, கிள்ளானுக்கு வந்ததும் வாந்தி எடுப்பார். கூடப் பிறந்தவனை நினைத்து வாந்தி எடுத்தோமே என்று அதற்கும் ஒருமுறை குமட்டும். அண்ணன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் மூக்கு மறக்கவில்லை. ஊசி என்றால் அடுத்தது விரல் என்று அவருக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

போன வருஷம் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்பது. டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொன்னதை நர்ஸ் நஸ்ரின் மிஸ்ஸி தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"அங்கிள், அடுத்த தடவ இது எட்டுக்குக் கீழ வரணும். வரலன்னா ஊசி ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடக்கணும், சரியா?"

"எட்டாயிரத்த யாரு மிஸ்ஸி எண்றது?"

"இப்பல்லாம் வாட்ச்சே எண்ணுது லா."

சுபாங் ஜெயாவில் வேலை பார்க்கும் மகள் வாணி காதில் இது விழ, நாலாம் நாள் பொட்டலம் வந்து இறங்கியது. கறுப்பு ரப்பர் பட்டை, சதுரத் திரை. பக்கிரிசாமி அதை வால் பிடித்த எலி மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இத கட்டிக்கிட்டு மாவு பிசையறதா? த்தூ."

"அப்போ ஊசி போட்டுக்குங்க," என்றாள் மனைவி லோகேஸ்வரி. அதே கடைப் பின்கட்டில் வெங்காயம் அரிகிறவள். அவள் பேச்சிலும் அந்தக் காரம் உண்டு.

கட்டிக்கொண்டார். நல்லது இல்லாமலும் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை சார்ஜ் போட்டால் எட்டு நாள் தாங்கும். போன் வந்தால் மணிக்கட்டில் கிர்ரென்று துடிக்கும். மாவுக் கையால் சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும். நல்லது அதோடு தீர்ந்தது.

மற்றதைச் சொல்வதற்கு முன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வருவது உத்தமம். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். வியர்வை, மாவு, மார்ஜரின் மூன்றும் கூட்டுச் சேர்ந்து பட்டைக்கு அடியில் வெள்ளைக் களிம்பாக உறைந்திருந்தது. அதன் நடுவே பச்சை விளக்கு, சேற்றில் மாட்டிய தவளைக் கண்ணாக முழித்தது. வாடையோ, நாலு நாள் மூடிக் கிடந்த சாம்பார் சட்டி. எலுமிச்சை தேய்த்தார். சோப்புப் போட்டார். கொக்கி ஓட்டையில் புகுந்ததை எடுக்கப் பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டார்.

"அந்த பிரஷ்ஷ குளியலறையில வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று லோகேஸ்வரி ஒரு நாள் விடியற்காலையில் அலறினாள். "நான் வாயிலயே வச்சிட்டேன்!"

அன்றைக்கு இருவருமே பசியாறவில்லை.

மாவுக்கு மேலே கடிகாரம் ஆடினால் சுகாதார அதிகாரி வந்து நிற்பார் என்று கமலநாதன் முணுமுணுக்க, பக்கிரிசாமி மணிக்கட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டினார். உள்ளே வியர்வை குளம் கட்டியது. தோல் சிவந்து, தடித்து, பிறகு உரிந்தது. ராத்திரியெல்லாம் சொறிந்தார். தன் கையைத் தானே தொட அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் கழற்றவில்லை. காரணம் அந்த எண். கட்டிய முதல் நாளே, காலைப் பசியாறல் கூட்டம் ஓய்ந்த பத்தரை மணிக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். கடை சாத்தும்போது பதினேழாயிரத்து இருநூறு. திரையில் குட்டி குட்டியாக வாணவேடிக்கை வெடித்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "எட்டாயிரமாம் எட்டாயிரம். விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து கால்லயே நிக்கிறவன் நான். டாக்டரம்மாவுக்கு ரொட்டிக் கடையப் பத்தி என்னா தெரியும்?"

சாயங்காலம் இருவரும் பாடாங் திடலைச் சுற்றி நடப்பதாக ஒரு பேச்சு இருந்தது. அது போயிற்று. சீனியும் பாலும் இல்லாத தே ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தவர், பதினேழாயிரம் அடி நடந்தவனுக்கு இதுகூட இல்லையா என்று இனிப்புப் பால் ஊற்றிய தே தாரிக்குக்குத் திரும்பினார். முதலில் ஒன்று, பிறகு காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று.

உண்மை ஒரு தடவை அவர் மேசைக்கே வந்தது. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டும் லோகன், தினமும் இரண்டு முட்டை ரொட்டி சாப்பிடுகிறவன். ஒரு நாள் பக்கிரிசாமி கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரம் பார்த்து, அதை ஓர் உருண்டை மாவில் சுற்றிக் கட்டினான். பச்சை விளக்கு முழித்தது, யோசித்தது, நாடித்துடிப்பு எண்பத்தொன்று என்றது.

"அண்ணே, ஓடி வாங்க! உங்க மாவுக்கு உசிரு இருக்கு. கல்லுல போடாதீங்க, பாவம் லா!"

கடையே சிரித்தது. பக்கிரிசாமிக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பட்டை மாவில் பட்டுவிட்டதே! உருண்டையை எடுத்துக் குப்பையில் எறிந்தார். அதன் பக்கத்தில் இருந்த ஏழு உருண்டைகளையும் எறிந்தார். லோகனின் தாய் தகப்பனைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். மாவுக்கு நாடி பார்க்கிற சாமான் மனுஷன் நடையை மட்டும் எப்படி ஒழுங்காக எண்ணும் என்று நினைக்க அவருக்கு நேரமில்லை. அருவருப்பு முந்திக்கொண்டது.

மூன்று மாதம் கழிந்து கிளினிக்குக்குப் போனார்கள். பக்கிரிசாமி சட்டையைச் சலவை செய்து போட்டிருந்தார். பரிசு வாங்கப் போகிற நடை. உட்கார்ந்ததும் டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது புள்ளி ஆறு.

"அங்கிள், நடக்கவே இல்லையா?" என்றாள் நஸ்ரின் மிஸ்ஸி.

"நடக்கலயா? ஒரு நாளைக்குப் பதினேழாயிரம்! இந்தா பாருங்க, எல்லாம் இதுலயே இருக்கு."

நஸ்ரின் வாங்கிப் பார்த்தாள். பிசுபிசுத்த விரலை மெல்ல டிஷ்யூவில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க நடக்கிறீங்க?"

"கடையிலதான்."

"கடையில எங்கேர்ந்து எங்க வரைக்கும்?"

பக்கிரிசாமி வாயைத் திறக்குமுன் லோகேஸ்வரி சொன்னாள்: "மாவு மேசையிலேர்ந்து கல்லு வரைக்கும் மிஸ்ஸி. ஒரு எட்டு."

நஸ்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அங்கிள், இத கட்டிக்கிட்டு இங்கயே ரொட்டி வீசிக் காட்டுங்க. கால் நகரக் கூடாது."

பக்கிரிசாமி எழுந்து நின்றார். இல்லாத மாவை இல்லாத மேசையில் தட்டினார். விளிம்பைப் பிடித்துச் சுழற்றி வீசினார், மடித்தார், இல்லாத கல்லில் போட்டு எடுத்து, இரண்டு கையாலும் அடித்து உதறினார். முப்பத்து மூன்று வருஷக் கை, வஞ்சனை தெரியாது. கதவோரம் நாலு தலை எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். பத்து ரொட்டி ஆனதும் நஸ்ரின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நூத்தி எழுபத்தாறு அடி. கால் அசையவே இல்ல."

குளிர்சாதனம் போட்டு மூடிய அறையில், கடிகாரத்து வாடை மெல்ல எழுந்தது. டாக்டரம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டாள். பக்கிரிசாமி அதைப் பார்த்தார். செமினி வீட்டு வாசல் நாற்காலியில் அவர் உட்கார்ந்த விதமும் அப்படித்தான் இருந்திருக்கும். இன்றைக்கு வாடை அவர் மேலிருந்து வந்தது. தே தாரிக்குகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

டாக்டரம்மா பேனாவை எடுத்தாள்.

"மிஸ்ஸி, ஊசி வேணாம்னு சொல்லுங்க," என்றார். "எங்கண்ணனுக்கு ஊசி போட்டாங்க, கால் போச்சு."

"ஊசியால போகல அங்கிள். சீனியால போச்சு. அந்த ஊசிய அவரு முன்னாடியே போட்டிருந்தா கால் இருந்திருக்கும்." அவள் டாக்டரம்மாவிடம் திரும்பி வெகுநேரம் பேசினாள். கைகளை வீசிக்கூடக் காட்டினாள். கடைசியில் டாக்டரம்மா மூன்று விரலை உயர்த்தினாள், நஸ்ரின் தமிழில் சொன்னாள்.

"மூணு மாசம். இதான் கடைசி. அதுவரைக்கும் புதுசா ஒரு மாத்திரையும் சேர்த்துக்கணும். எட்டுக்குக் கீழ வரலன்னா ஊசிதான், அப்ப என்கிட்ட அழக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் பக்கிரிசாமி கடிகாரத்தைக் குப்பைக்கூடை மேலே பிடித்தார். விடவில்லை. பிறகு அதை டெட்டாலில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுநாள் விடியற்காலையில் குனிந்து இடது கணுக்காலில் கட்டிக்கொண்டார். மணிக்கட்டு பழையபடி வெறும் மணிக்கட்டாயிற்று. மாவும் தப்பித்தது.

அன்றைக்குக் கடை சாத்தும்போது கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஆயிரத்து நூற்று நாற்பது. ஆயிரம் ரொட்டி வீசிய நாள் அது. சரி, அறுநூறு ரொட்டி. நாள் முழுக்க நின்றிருக்கிறார், நடக்கவில்லை. பற்றாததற்கு, உட்கார்ந்தே இருக்கிறீர்கள், கொஞ்சம் எழுந்து நடங்கள் என்று கணுக்காலில் கிர்ரென்று ஓர் அதட்டல்.

"சனியனே, எட்டு மணி நேரமா நின்னுக்கிட்டு இருக்கேன்டா!" என்று காலைப் பார்த்து அவர் கத்தியதில், கடைசி ரொட்டிக்குக் காத்திருந்த ஒரு சீனக் கிழவர் நாலு நாளைக்குக் கடைப்பக்கம் வரவில்லை.

சாயங்காலம் பாடாங்குக்குப் போனார்கள். நடப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய சாக்கடை ஓரம் மூக்கைப் பொத்த வேண்டும். நாய் போட்டதைத் தாண்ட வேண்டும். வாழையிலைக் கடை எச்சில் தொட்டிப் பக்கம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். லோகேஸ்வரி முன்னால் போவாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பின்னால் வருவார். மழை நாளில் கடைத்தொகுதியின் கூரை போட்ட ஐந்தடிப் பாதையிலேயே முன்னும் பின்னும் நடந்தார்கள். எண் ஆமை மாதிரி ஏறியது. ஐயாயிரம், ஆறாயிரம், தீபாவளி வாரத்தில் ஒரு நாள் ஒன்பதாயிரம். தே ஓ கோசோங் மறுபடி வந்தது. கஷாயம் என்றே அதற்குப் பெயர் வைத்தார். கணுக்காலில் பட்டை போட்ட இடம் கறுத்துத் தடம் விழுந்தது. ராத்திரியில் விளக்கைப் போட்டு, அது வெறும் தழும்புதானா என்று விரல்களோடு சேர்த்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்.

மூன்றாம் முறை டாக்டரம்மா தாளைத் திருப்பியபோது ஏழு புள்ளி ஏழு என்றிருந்தது. பக்கிரிசாமி அதைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை, லோகன் முட்டை ரொட்டிக்கு உட்காருமுன்னே பக்கிரிசாமி ஆரம்பித்துவிட்டார். ரொட்டி மேலே பறக்க, பேச்சு அதற்கும் மேலே பறந்தது.

"தம்பி, டாக்டரம்மா எழுந்திருச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பக்கிரிசாமி, உங்கள மாதிரி ஒருத்தர இந்த கிளினிக் பாத்ததே இல்ல, இனிமே உங்களுக்கு ஊசியும் வேணாம், மாத்திரையும் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க!"

பின்கட்டில் வெங்காயம் அரியும் சத்தம் நின்றது.

"யாரும் கும்பிடல தம்பி," என்றாள் லோகேஸ்வரி. "மாத்திர ரெண்டா இருந்தது, இப்ப மூணு. ஊசி மட்டும்தான் இல்ல."