சேர்ந்தே நகர்ந்த கடிகாரங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் தில்லியில் நான் டெலக்ஸ் மெஷினில் செய்தி அடித்தனுப்பும் ஆபரேட்டராக இருந்த சங்கத்துக்கு லண்டனில் ஒரு தலைவர், நியூயார்க்கில் ஒரு தலைவர். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் தனித்தனியே இருந்து, வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டு, பிறகு ஒன்றாகிப்போன வியாபாரிகள் சங்கம் அது. நம் தோல், துணி ஏற்றுமதிக்காரர்களை அவர்களோடு சேர்த்துவைக்கத்தான் எங்கள் கிளை. பழைய முறைப்பு திரும்பிவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் சரிசமம். சுவரில் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரே உயரத்தில் தொங்கின. ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் தொட வேண்டும்.

கோடைக்காக லண்டன்காரர்கள் மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நியூயார்க்கில் அது ஏப்ரல் கடைசியில்தான். மத்திய அரசில் ஓய்வு பெற்ற தமிழரான எங்கள் செயலாளரோ மார்ச்சிலேயே இரண்டையும் தள்ளச் சொல்வார். வருஷத்தில் ஒரு மாதம் எங்கள் நியூயார்க் பொய் சொல்லும். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

அந்த ஏப்ரலில் சிரிப்பு வரவில்லை. தில்லிக் கிளையை மூடலாமா என்று இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் டெலக்ஸில் சொல்வதாக ஏற்பாடு. ஒருவர் ‘இருக்கட்டும்’ என்றாலே போதும், பிழைத்தோம். பதில் வராவிட்டால் மற்றவர் சொன்னதே முடிவு. அப்பா ரிடையராகிறார், மோதி பாக் அரசுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இனி என் சம்பளத்தில்தான் குடித்தனம்.

செயலாளர் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துத்தான் அவரவர் ஊர் நேரத்தைக் குறித்து இருவருக்கும் அனுப்பியிருந்தார்.

“சார், நியூயார்க்ல இன்னும் மாத்தலை. நேத்து வந்த டெலக்ஸ்ல பாருங்க, ஒரு மணி பின்னாடி இருக்கு. நாம கூப்பிடறப்ப ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க.”

“அதுக்காக ஒரு கடிகாரத்தை மட்டும் திருப்பச் சொல்றியா? அமெரிக்க மெம்பர் யாராவது வந்து பார்த்தா தப்பா நினைப்பார்மா.”

“கடிகாரம் கிடக்கட்டும் சார். நேரத்தையாவது தள்ளி வைங்க.”

“அச்சா! லண்டனுக்குச் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா அவங்க தப்பா நினைப்பாங்க.”

சாயங்காலம் லண்டன் உடனே வந்தது: மூடிவிடுங்கள். நியூயார்க் மெஷின் ஆளில்லாமல் தானாகத் தன் எண்ணை மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். செயலாளர் முடிவைப் பதிவு செய்து, லண்டனுக்கு நன்றியும் சொல்லச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து மெஷின் தானாகக் கடகடத்தது. நியூயார்க் தலைவர்.

“காலை வணக்கம், தில்லி. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டேன். கிளை இருக்கட்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆரம்பிக்கலாமா?”

“சார், லண்டனைத் திரும்பக் கூப்பிடட்டுமா?” என்றேன்.

“முடிஞ்சதைக் கிளறினா தப்பா நினைப்பாங்கம்மா.”

அழுகையைவிட ஆத்திரம்தான் எனக்கு அதிகம் வந்தது. அவர் வேலையும்தான் போகிறது, மனுஷருக்கு அது உறைக்கவே இல்லை.

மே மாதக் கடைசியில் ஆபீஸைக் காலி செய்தோம். அதற்குள் நியூயார்க்கும் கோடைக்கு மாறியிருந்ததால் சுவரில் இரண்டும் சரியான நேரமே காட்டின. ஸ்டூலில் ஏறி லண்டன் கடிகாரத்தில் கை வைத்தேன். கீழே நின்றவர் பதறிப்போனார்.

“ஒண்ணை மட்டும் எடுக்காதேம்மா. ரெண்டையும் சேர்த்தே இறக்கு.”